வேரைத் தின்னும் வெண்புழு

மாரி மழை ஓய்ந்து சில வாரம் கழித்து, சம்பூர்ப் பக்கத்து உதைபந்தாட்ட மைதானம் ஒன்றில் பச்சைப் புல்லுக்கு நடுவே மஞ்சள் திட்டொன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டும் பச்சை திரும்பவில்லை. பசளை போட்டும் பயனில்லை. திட்டின் ஓரத்தில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவது போல அப்படியே எழும்பி வருகிறது. அடியில் வேரே இல்லை. மண்ணை இரண்டு விரற்கடை கிளறினால், பழுப்புத் தலையும் மூன்று சோடிக் கால்களும் கொண்ட பால்நிறப் புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். இவைதான் வெண்புழுக்கள். புல்தரைக்கு மட்டுமல்ல, கச்சானுக்கும் கரும்புக்கும் இளந்தென்னைக்கும் இவற்றால் கேடு உண்டு.

புழு என்று சொன்னாலும் இது ஒரு வண்டின் பிள்ளைப் பருவம். தென்னிந்தியாவில் கச்சானையும் கரும்பையும் அழிக்கும் ஹோலோட்ரிக்கியா செராட்டா என்ற வண்டை எடுத்துக்கொள்வோம். கோடை மழை மண்ணை நனைத்ததும் மைம்மல் பொழுதில் வண்டுகள் நிலத்தைப் பிளந்து வெளியே வருகின்றன. வேம்பு போன்ற மரங்களில் மொய்த்து, இலை தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் திரும்பிவிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு முதலில் மண்ணிலுள்ள மக்கலையும் மெல்லிய வேர்களையும் தின்னும். இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் பருவத்தை எட்டியதும் பெருந்தீனி தொடங்கிவிடும். நம் கண்ணில் படும் சேதத்தில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கிறது. மஞ்சள் திட்டைக் கண்டு நாம் விழித்துக்கொள்ளும் நேரத்தில் புழு கொழுத்துவிட்டது என்பதே இந்தப் பீடையின் பெரிய சிக்கல். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆனால் அந்த ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் சம்பூர், மாடு வளர்க்கும் ஊர். 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்கள் 2015, 2016 ஆண்டுகளில்தான் படிப்படியாகத் தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். நெடுநாள் உழவு காணாமல் புல் மண்டிய நிலம் வேர்ப்புழுவுக்குப் பிடித்த இடம். அதைக் கொத்திப் புரட்டும்போது வெள்ளைப் புழுக்கள் வெளிப்பட்டால் வியப்பில்லை. கண்டதெல்லாம் வேர்தின்னி என்றும் இல்லை. எருக்குவியலில் கட்டைவிரல் பருமனில் கிடப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது உயிர்வேரைத் தொடாது. வண்டான பிறகுதான் தென்னங்குருத்தைக் குடையும். அதை எருக்குவியலிலேயே பொறுக்கி அழிப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. புழுவைத் தரையில் விட்டதும் மல்லாந்து, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மக்கலைத் தின்று எருவாக்கும் அந்தப் புழுவை விட்டுவிடுங்கள். வேர்தின்னிக்கு அப்படி ஊரத் தெரியாது.

சரி, வேர்தின்னியை என்ன செய்வது? உழவுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கும் மைனாவும் காகமும் புரட்டிய மண்ணில் பொறுக்கித் தின்பது முதல் உதவி. இராசத்தானிலும் தமிழ்நாட்டிலும் கமக்காரர்கள் மழைக்குப் பிந்திய இரவுகளில் மரக்கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டு அழிக்கிறார்கள். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் செய்தால் பலன் அதிகம், தனியொருவர் செய்தால் குறைவு. வண்டு பறந்து வரும்.

உயிரை வைத்து உயிரை அடக்குவது ஆபத்தில் முடிந்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வேரைத் தின்னும் புழுக்களை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து பெருந்தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு மண்ணுக்குள், வண்டு கரும்பின் உச்சியில்; தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. தேரை மட்டும் வட ஆஸ்திரேலியா எங்கும் பரவி, தன்னைத் தின்ற அந்நாட்டு விலங்குகளை நஞ்சால் கொன்றது.

மண்ணுக்குள் இருக்கும் எதிரியைத் தேடி மண்ணுக்குள்ளேயே போகக்கூடிய உயிர்தான் இதற்கு ஏற்றது. 1879இல் ஒடெசாவில், கோதுமை வண்டைக் கொல்லும் பச்சைப் பூஞ்சை ஒன்றை இலியா மெச்னிக்கோவ் ஆராய்ந்தார். பின்னாளில் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக நோபெல் பரிசு பெற்றவர் அவர்தான். மெட்டாரைசியம் என்னும் அந்தப் பூஞ்சையை இன்று எருவோடு கலந்து தென்னந்தோப்பிலும் கரும்பிலும் இடுகிறார்கள். அதன் வித்து புழுவின் தோலில் முளைத்து, துளைத்து உள்ளே போய்க் கொல்கிறது.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது நூற்புழு. அரை மில்லிமீற்றர் நீளந்தான். ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயர் பெற்றது. வெப்பமான மண்ணைத் தாங்கக்கூடியது. மண்ணின் ஈரத்தில் நீந்திப் போய் வெண்புழுவின் உடலுக்குள் நுழைகிறது. தன் குடலில் சுமந்துவந்த பற்றீரியாவை அங்கே கக்குகிறது. இரண்டு நாளில் வெண்புழு இறந்து செங்கல் நிறமாகிறது, அழுகி நாறுவதில்லை. கும்மிருட்டில் உற்றுப் பார்த்தால் அந்தப் பற்றீரியாவால் மங்கலாக ஒளிரும். உள்ளே நுழையும் நூற்புழு ஆணும் பெண்ணும் தானேயாகி முட்டையிடுவதால், நுழைந்தது ஒன்றே ஆனாலும் இனம் பெருகும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பெருந்தொகையான குஞ்சுகள் பிணத்தை விட்டு வெளியேறி அடுத்த புழுவைத் தேடுகின்றன. மனிதருக்கோ மாட்டுக்கோ இவற்றால் தீங்கில்லை.

இதற்கும் எல்லை உண்டு. வெயில் பட்டால் நூற்புழு செத்துவிடும்; காய்ந்த மண்ணில் நகரமுடியாது. ஆகவே மாலையில், நிலத்தை நனைத்து, தெளித்த பின்னும் நனைக்க வேண்டும். கொழுத்த புழுவைவிட இளம்புழுவையே அது எளிதில் வெல்லும். பீடைகொல்லிக்கும் இதே விதிதான். புழு பெருத்து ஆழத்துக்கு இறங்கிய பிறகு மேலே ஊற்றும் மருந்து வேர்ப்படலத்தில் தங்கிவிடும், அல்லது கடலோர மணலூடாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

எனவே போத்தலைத் திறக்குமுன் மண்வெட்டியை எடுங்கள். மஞ்சள் திட்டின் ஓரத்தில் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டி, புழுக்களை எண்ணுங்கள். நன்றாக வேரோடிய புல்தரை ஐந்தாறு புழுக்களைத் தாங்கிக்கொள்ளும்; பத்தைத் தாண்டினால்தான் செயலில் இறங்க வேண்டும். புல்லைத் திரும்ப மூடி நீர் விட்டால் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு புழுக்களை ஈரமண்ணோடு ஒரு போத்தலில் இட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிவிட்டு அடுத்த காரியத்தைத் தொடங்குங்கள்.