பேய் பார்த்தவரைப் பேட்டி எடுப்பது எப்படி?



எதிரணியில பேசின அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. "ஒருத்தர் பேயைப் பார்த்தேன்னு நடுங்கிக்கிட்டுச் சொல்றாரு. அவர்கிட்ட மைக்கை நீட்டி, சிரிக்கச் சிரிக்கப் பேட்டி எடுக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" பொழப்புதாம்மா! அமெரிக்காவிலே இதுக்குன்னே பாட்காஸ்ட் நடத்துறாங்க. பாட்காஸ்ட்னா வேற ஒண்ணுமில்ல, நினைச்ச நேரத்துல செல்போன்ல கேட்டுக்கிற வானொலி. சமைச்சுக்கிட்டே கேட்கலாம். பேய்க்கதையிலே மயங்கிக் குழம்பு அடிப்பிடிச்சா நான் பொறுப்பில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகள் சொன்னார். அதிலே நகையும் உண்டு, அச்சமும் உண்டு. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கிலே அணங்கை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கிலே எள்ளலை முதலில் வைத்தார். அதுக்கு உரை எழுதிய பேராசிரியர் (நான் இல்லைங்க, அவர் பேரே பேராசிரியர்!) அந்த எள்ளலையும் இரண்டாகப் பிரிக்கிறார். அடுத்தவரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. அடுத்தவர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து சிரிப்பது இன்னொன்று. பேய்ப் பேட்டி எடுக்கிறவருக்கு இந்த இரண்டாவதுதான் முதல். முதலாவதில் கை வைத்தால், வந்தவர் வாயை மூடிக்கொள்வார். அதோடு பேட்டி முடிந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலே ராஸ் பிளாச்சர், கேரி பாப்பி என்று இரண்டு பேர். 2011இல் "ஓ நோ, ராஸ் அண்ட் கேரி" என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். ஆவியைத் தேடுகிற கூட்டமா, கைபட்டால் நோய் தீரும் என்கிற இடமா, தாங்களே நேரில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். காசு கட்டி, சொன்னதையெல்லாம் செய்து, திரும்பி வந்து நடந்ததைச் சொல்லுவார்கள். நம்புகிறவர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்பார்கள். அங்கே கேலி பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழும். அதனால்தான் எதிரே இருப்பவர் மனம் திறக்கிறார்.

அந்தக் கேரி பாப்பி வாழ்க்கையிலேயே ஒரு பேய் வந்தது. வியன்னா நகரத்து மேடை ஒன்றில் அவரே சொன்ன கதை. குடியிருந்த வீட்டிலே யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல ஒரு உணர்வு. நெஞ்சிலே பாரம். காதிலே ஏதோ உஸ்ஸென்று கடந்து போகிற சத்தம். நாளுக்கு நாள் அதிகமானது. ஆவியை விரட்ட மூலிகைப் புகையெல்லாம் போட்டுப் பார்த்தார். போகவில்லை. கடைசியிலே, பேயை நம்பாதவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர்களில் ஒருத்தர் சிரிக்கவில்லை. "கார்பன் மோனாக்சைடு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எரிவாயு நிறுவனத்தார் வந்து சோதித்தார்கள். கசிவு இருந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அடுப்போ, வெந்நீர் அடுப்போ, வீட்டைச் சூடாக்கும் உலையோ சரியாக எரியாதபோது வரும். இரத்தத்திலே பிராணவாயு உட்கார வேண்டிய நாற்காலியிலே இது போய் உட்கார்ந்துகொள்ளும். லேசில் எழுந்திருக்காது! தலைவலி, குழப்பம், நெஞ்சடைப்பு, இல்லாததெல்லாம் கண்ணிலே காதிலே தோன்றுவது, கடைசியிலே மரணம். 1921லேயே வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு குடும்பமே பழைய வீடொன்றிலே காலடிச் சத்தம் கேட்டது, உருவங்களைப் பார்த்தது. பேய் எங்கே இருந்தது தெரியுமா? கெட்டுப்போன உலையிலே!

இப்போ யோசிச்சுப் பாருங்க. கேரி சொன்னதைக் கேட்டு ஒருத்தர், "என்னம்மா, பேய் வாடகை குடுக்குதா?"ன்னு ஜோக் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னொருத்தர், "ஆமாம்மா, அது முன்னே குடியிருந்தவரோட ஆவிதான்"னு பயபக்தியோட தலையாட்டியிருந்தா? ரெண்டு பேரும் அந்தப் பொண்ணை அதே வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்பியிருப்பாங்க. கேலி பண்றவரும் அடுத்த கேள்வியைக் கேட்கறதில்லை, உடனே நம்புறவரும் கேட்கறதில்லை.

பேட்டி எடுக்கிறவர் வேலையே அந்த அடுத்த கேள்விதான். அப்போ மணி என்ன? படுத்திருந்தீங்களா, நடந்துகிட்டிருந்தீங்களா? வீட்ல வேற யாருக்காவது தலைவலி உண்டா? வெளியூர் போனா சரியாயிடுதா? "படுத்திருந்தேன், கண் முழிச்சேன், கை கால் அசையலை, நெஞ்சு மேல எதுவோ உட்கார்ந்திருந்துச்சு"ன்னு வந்தவர் சொன்னா, அது நம்ம ஊரு அமுக்குவான் பேய். கனவுத் தூக்கத்திலே உடம்பு அசையாதபடி மூளையே பூட்டு போட்டு வைக்கும். மனசு முன்னாடி முழிச்சு, பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமானால் இந்தக் கூத்து. இங்கே தாராளமாகச் சிரிக்கலாம், ஏன்னா சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார். "அப்பாடா, எனக்கு மட்டும் இல்லையா?" என்கிற சிரிப்பு அது.

இங்கிலாந்திலே பி.பி.சி. வானொலியிலே டேனி ராபின்ஸ் என்பவர் 2021இல் "அன்கேனி" என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். பேய் பார்த்தவர் கதையைச் சொல்லுவார். நம்புகிறவர் ஒரு பக்கம், நம்பாதவர் ஒரு பக்கம் நின்று வாதாடுவார்கள். நம்ம பட்டிமன்றமேதான்! ஒரே ஒரு வித்தியாசம், அங்கே நடுவர் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிறவர்களிடமே விட்டுவிடுவார். நம்ம நடுவர் அப்படி விடமாட்டார். இதோ, மணியிலே கை வச்சுட்டார்.