கலிங்கு இல்லாத ஏரி

முன்னுரை

புதுச்சேரியில் வாழும் நமக்கு ஏரி என்றவுடன் ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியுமே நினைவுக்கு வரும். நீண்ட மண்கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடும் கலிங்கு என இவை யாவும் அமைந்ததே நம் முன்னோர் கண்ட ஏரி. ஆனால், மனிதர் கை படாமல், மலையுச்சியில் பனி உருகித் தானே தோன்றும் ஏரிகளும் உலகில் உள்ளன. அவற்றிற்குக் கரை உண்டு. மதகு இல்லை, கலிங்கும் இல்லை. அத்தகைய ஏரியொன்று 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிக்கிம் மாநிலத்தில் உடைந்து பெருந்துயர் விளைத்தது. அந்த ஏரி தோன்றிய வகையையும் உடைந்த வகையையும் விளக்கி, கடலோரத்தில் வாழும் நமக்கு அதில் உள்ள படிப்பினையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனியும் பனியாறும்

மார்கழி வைகறையில் புல்நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம். இமயத்தில் மலைமலையாக உறைந்து கிடப்பதையும் பனி என்கிறோம். இமயத்தை எல்லையாகக் கொண்டவன் என்னும் பொருளில் ‘இமயவரம்பன்’ என்று சேரமன்னனுக்குப் பெயர் வழங்கிய தமிழர், அம்மலையை அறியாதவர் அல்லர். எனினும் உறைபனியோடு அன்றாடப் பழக்கம் இல்லாமையால், அதன் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் நம்மிடம் மிகுதியாக இல்லை. ஆங்கிலத்தில் ‘கிளேசியர்’ எனப்படுவதை நம் பாடநூலார் ‘பனியாறு’ என்றனர். மிகப் பொருத்தமான சொல் அது. ஆண்டுதோறும் பெய்யும் பனி முழுதும் உருகாமல் எஞ்சி, அடுக்கின்மேல் அடுக்காக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வேகமாயினும் அதுவும் ஓட்டமே.

ஏரி பிறக்கும் முறை

நகரும் பனியாறு பாறைகளைச் சுரண்டிக் கல்லையும் மணலையும் சுமந்து வந்து, தன் முனையிலும் இருமருங்கிலும் மேடாகக் குவிக்கிறது. இம்மேட்டை நிலவியலார் ‘மொரைன்’ என்பர். வெப்பம் கூடும்போது பனியாறு பின்வாங்குகிறது. பின்வாங்குதல் என்றால் மலைமேல் திரும்பி ஏறுதல் என்று பொருளன்று. மேலிருந்து வந்து சேரும் பனியைவிட உருகும் பனி மிகுதியாவதால், அதன் முனை ஆண்டுதோறும் மேல்நோக்கிக் குறுகுகிறது. குறுகிய முனைக்கும் அது முன்பு குவித்துவைத்த மேட்டுக்கும் இடையே பள்ளம் ஏற்பட, உருகுநீர் அதில் தேங்கி ஏரியாகிறது. தேங்கிய நீர் பனிமுனையை அரித்து உடைப்பதால், ஏரி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

பாறைத்தூள் கலந்த அந்நீர் வெளிர்நீலமாகக் காட்சியளிக்கும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆயினும் கரையைக் கவனித்தால் அச்சம் தோன்றும். நம் ஏரிக்கரை மண் கொட்டி, நீர் தெளித்து, மிதித்து இறுக்கப்பட்டது. அந்த மேடோ எவரும் இறுக்காத கற்குவியல். சில இடங்களில் அதனுள்ளே பனிக்கட்டியும் புதைந்து கிடக்கும். அது உருகினால் கரை உள்ளிருந்தே தாழும். பக்கத்துச் சரிவோ பனிப்பாளமோ ஏரியில் விழுந்தால் பேரலை எழுந்து கரையைத் தாண்டும். தாண்டிய நீரே கரையை அறுத்து வழியை அகலப்படுத்தும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நீர் சிறிது நேரத்தில் வெளியேறிவிடும்.

இது இமயத்துக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் பல்காகோச்சா ஏரி 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உடைந்து, உவாராசு நகரில் ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பறித்தது. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 1.5 கோடி மக்கள் இத்தகைய வெள்ள ஆபத்துக்கு உட்பட்ட இடங்களில் வாழ்வதாக 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது.

தெற்கு லோனாக் ஏரி

சிக்கிமின் வடபகுதியில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் உள்ளது தெற்கு லோனாக் ஏரி. 1962-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அதன் பனியாறு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பின்வாங்கியது. 1970-களில் சிறு குட்டையாக இருந்த ஏரி, 2023 செப்டம்பர் இறுதியில் 167 எக்டேர் பரப்புக்கு விரிந்திருந்தது. ஆபத்தை எவரும் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஏரி உடையும் வாய்ப்பு மிகுதி என 2013-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டு அறிவியலார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்ந்து எழுதினர். 2016-இல் நெகிழிக் குழாய்களை அமைத்து ஏரிநீரின் ஒரு பகுதியை இறைத்து வெளியேற்றினர். 2023 செப்டம்பரில் கண்காணிப்புக் கருவிகளும் நிறுவப்பட்டன. ஆனால் கீழுள்ள ஊர்களுக்கு உடனுக்குடன் எச்சரிக்கை தரும் முழு அமைப்பு நிறைவுறவில்லை.

அக்டோபர் 3-ஆம் நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஏரியின் பக்கவாட்டு மேடு சரிந்தது. உறைந்திருந்த கல்லும் மண்ணுமாக ஏறத்தாழ 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் விழ, ஏறத்தாழ 20 மீட்டர் உயர அலை எழுந்தது. கரை அறுந்து, ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் கீழே, சுங்தாங்கில், 1,200 மெகாவாட் மின்நிலையத்துக்கான 60 மீட்டர் உயர அணை இருந்தது. நள்ளிரவைக் கடந்த சிறிது நேரத்தில் வெள்ளம் அதை அடைந்தது. செய்தியறிந்து கதவுகளைத் திறக்க விரைந்த பணியாளர்கள், திறக்கும் முன்னரே வெள்ளம் வந்துவிட்டமையால் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். அணை அடித்துச் செல்லப்பட்டது. அதில் தேங்கியிருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்தது. தீஸ்தா ஆற்றின் வழியே அழிவு மேற்கு வங்கத்தையும் வங்காளதேசத்தையும் எட்டியது. இறந்தோர் 55 பேர் எனவும், காணாமற்போனோர் 74 பேர் எனவும் 2025-இல் வெளிவந்த ஆய்வு குறிக்கிறது.

கலிங்கு அமைத்தோர்

இயற்கை அமைக்காத கலிங்கை மனிதர் அமைத்த இடங்களும் உண்டு. நேபாளத்தின் சோ ரோல்பா ஏரிக் கரையில் கதவுகளோடு கூடிய வாய்க்கால் வெட்டி, 2000-ஆம் ஆண்டில் நீர்மட்டத்தை 3 மீட்டர் தாழ்த்தினர். எவரெசுட்டு மலையின் அருகிலுள்ள இம்ஜா ஏரியில் 2016-இல் அந்நாட்டுப் படையினர் இவ்வாறே 3 மீட்டருக்கு மேல் தாழ்த்தினர். நம் ஊர் மதகையும் கலிங்கையும் அறிந்த உழவர் எவரும் அவ்வேலையின் பொருளை நொடியில் உணர்வர். ஆயினும் லோனாக்கில் விழுந்ததுபோல் ஒரு மலைச்சரிவே விழுமானால், கலிங்கு மட்டும் காக்காது. அப்போது மக்களைக் காப்பது காலத்தில் வந்து சேரும் சொல்லேயாகும். ஏரி உடைந்ததற்கும் வெள்ளம் அணையை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

முடிவுரை

மலையேரி எங்கோ, நாம் எங்கோ என்று சிலர் எண்ணக்கூடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பகுதி ஊர்களுள் புகுந்தது. தொலைவில் பெய்த மழை, தூங்கிக்கொண்டிருந்தவர் வாயிற்படியில் வந்து நின்றது.

கல்லூரி திறந்தபின், அப்பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருவர் நனைந்து ஒட்டிப்போன குறிப்பேட்டோடு வகுப்புக்கு வந்தார். “அடுத்த தெருப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார் ஐயா. அதனால்தான் பாட்டியையும் பசுவையும் மேட்டுக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது” என்றார். அன்று நடத்த எண்ணியிருந்த பாடத்தை ஒதுக்கிவைத்து, அப்பெரியவரைப் பற்றியே பேசினோம்.

செயற்கைக்கோள் ஏரியைக் காணும். கருவி நீர்மட்டத்தை அளக்கும். அறிவியலார் கணக்கிட்டு எழுதுவர். அவ்வறிவு ஊரின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அது நிறைவடைகிறது. வருங்காலத்தில் பொறியாளராகவோ அலுவலராகவோ ஆசிரியராகவோ ஆகவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் கொள்ளவேண்டும். ஏரிக்குக் கலிங்கு எவ்வளவு இன்றியமையாததோ, ஊருக்கு எச்சரிக்கை அவ்வளவு இன்றியமையாதது. அறிந்தவர் அதை அறியாதவருக்கு உரிய நேரத்தில் சொல்வது கடமையாகும்.