ஆடிப் பாலையும் அடியார் வழியும்

தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்தனர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். எனினும், தொல்காப்பியர் பாலைக்கென ஒரு நிலத்தை வகுத்தாரல்லர் என்பதை அப்பிள்ளை அறிந்திருப்பது அரிது. ஏனைய நான்கு திணைகளுக்கும் நிலங் கொடுத்தவர், பாலையை நிலமின்றியே விடுத்தார். அதன் காரணத்தை இளங்கோவடிகள் காடுகாண் காதையிலே விளக்குகின்றார். வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு கெட்டு, வழிநடப்போரைத் துன்புறுத்தும் காலத்துக் கொள்ளும் வடிவமே பாலை என்பது அவர் கருத்து. ஆகவே பாலை என்பது அராபிய நாட்டு மணற்கடலன்று. அஃது ஒரு பருவத்தின் பெயர். அப்பருவத்திலே நடக்கின்றவனது அனுபவத்தின் பெயர்.

இவ்வுண்மையை நூலிற் கற்பதினும் காலாற் கற்பதே எளிது. மட்டக்களப்பு நாட்டார்க்கு அதற்கென ஒரு வழியும் உண்டு. அதுவே கதிர்காமப் பாதயாத்திரை வழி.

எம் நாட்டிலே கார்த்திகை முதல் தை வரை வாடைமழை பெய்து வாவி நிறையும். ஆனி, ஆடித் திங்களிலோ மேற்கிருந்து கச்சான் காற்று அனலாய் வீசும். படுவான்கரையிலே குளங்கள் வற்றும், புல் கருகும். அந்தக் கடுங்காலத்திலேதான் கதிர்காமத்துத் திருவிழா வருகின்றது. நடப்பதற்குச் சற்றும் வாய்ப்பற்றதெனத் தோன்றும் காலத்தையே நம் முன்னோர் நடைக்குரிய காலமாகக் கொண்டனர்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் கதிர்காமம் சேர ஒன்றரை மாதம் வரை செல்லும். அவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை வழியாக வந்து அமிர்தகழி மாமாங்கேசுவரரை வணங்கி, எழுவான்கரையைப் பிடித்துத் தெற்கே செல்வர். இடையிலே விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிலே பிறந்த காரைதீவு உண்டு. திருக்கோயிற் சித்திரவேலாயுதர் சந்நிதி உண்டு. வாவியின் மேல்கரையிலுள்ள மண்டூர், சின்னக் கதிர்காமம் எனப் பெயர் பெற்றது. சந்நிதியிலும் மண்டூரிலும் கதிர்காமத்திலும் பூசை செய்வோர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசிப்பர். மந்திரமும் மொழியும் அடங்கிய இந்த மௌன வழிபாடே மூன்று தலங்களையும் ஒரு நூலிற் கோத்தது போலும்!

பொத்துவிலும் பாணமையும் கடந்தால் உகந்தைமலை. அதுவரையும் ஊர்கள் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் அவ்வூர்களிலே கேட்டால் தண்ணீர் கிடைக்கும். உகந்தைக்கப்பால் ஊர் இல்லை, காடே உண்டு. குமண வனத்தூடு சென்று குமுக்கன் ஆற்றைக் கடந்து யாலக் காட்டிற் புகுந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் ஆகிய தங்குமிடங்களைத் தாண்டி மாணிக்க கங்கைக் கரையிலே கதிர்காமம் சேர ஐந்தாறு நாள் செல்லும். அரிசிமாவும் சீனியும் அவலும் நீர்க்குடுவையும் ஒரு விரிப்புமே சுமை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பொருளும் இரண்டாம் நாளிலேயே பகையாகிவிடும்.

பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்த புலவர் நடந்தறிந்தவரே என்பதில் எனக்கு ஐயமில்லை. அடியார் விடியற்காலையிலே நடப்பர். வெயில் ஏறியதும் மரநிழலில் ஒதுங்குவர். பொழுது சாய மீண்டும் நடப்பர். அந்த நடுப்பகலிலே காட்டில் இலையும் அசையாது, புள்ளும் ஒலியாது. பொருள்தேடிச் சென்ற தலைவனைத் தடுத்த தோழியின் அச்சம் கற்பனையன்றென்பது அப்போது விளங்கும்.

இக்காட்டின் மரங்களும் பாடஞ் சொல்லும். சங்கப் பாலைப்பாட்டுகளில் வரும் உகாய், யாலக் கரையோரத்திலே இன்றும் வளர்கின்றது; சிங்கள மக்கள் அதனை மலித்தன் என்பர். திணைக்குப் பெயர் தந்த பாலை வெட்பாலையே என்பர் தாவர நூலார் சிலர். எம்மவர் பாலை என வழங்குவதோ வேறு மரம். மஞ்சள் நிறப் பழம் தருவது. நிலம் வெந்து கிடக்கும் அக்காலத்திலேயே அது பழுக்கும். கரடி அப்பழத்துக்காக மரமேறும். பசித்த அடியாரும் அதன் கீழே பொறுக்கியுண்பர். கொடுமைக்குப் பெயரான சொல்லே இனிமைக்கும் பெயராயிற்று!

பல்லாண்டுகளுக்கு முன் யான் நடந்த கூட்டத்தை முன்னின்று நடத்தியவர் எழுத்தறியாத மூதாட்டியொருவர். ஆண்பெண் அனைவரையும் அவர் "சாமி" என்றே விளிப்பார். ஆற்றுமணலிலே ஊற்றுத் தோண்டும் இடத்தை நிறம் பார்த்தே காட்டுவார். கலங்கிய முதல்நீரை இறைத்துவிட்டு, தெளிந்து ஊறும் வரை எவரையும் சிரட்டையால் அள்ள விடார். குடித்தபின் ஊற்றை மூட முயன்ற இளைஞனை அவர் தடுத்தார். "மூடாதீங்க சாமி, பின்னுக்கு வாறவங்க குடிக்கணும், ஆனையும் மானும் குடிக்கணும்" என்றார். யான் பல்லாண்டு கற்பித்த அறநூல்களுக்கெல்லாம் அவ்வொரு சொல் உரையாக அமைந்தது.

இத்தகைய அறிவு ஒருவர் முன்னே நடக்க, மற்றவர் பின்னே நடப்பதனாலேயே நிலைப்பது. 1983ஆம் ஆண்டின் பின் போர் மூண்டு இவ்வழி தடைப்பட்டது. 1988இல் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முதலிய சிலர் யாத்திரையை மீட்டெடுத்தனர். இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ இரு கிழமைக்குக் காட்டுவழி திறக்கப்படுகின்றது. அவ்விரு கிழமையுள் பல்லாயிரவர் செல்கின்றனர். தண்ணீர்ப் பௌசர்களும் வருகின்றன, அன்னதானமும் நடக்கின்றது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அவை உயிர்காப்பன. அவற்றைக் குறைகூறுதல் அறமன்று.

ஆயினும் கவலைக்கு இடமுண்டு. உகந்தை வரை வாகனத்தில் வந்து, காட்டை மட்டும் நடந்து மீள்வோர் மிகுகின்றனர். ஊர்களூடு நடந்தவன் பிறர் கையால் உண்டு பணிவைக் கற்றபின்பே காட்டினுட் புகுந்தான். அப்பயிற்சியின்றிப் புகுபவனுக்குக் காடு ஒரு வேடிக்கைக் களமாகின்றது. அவன் எறியும் போத்தலும் பொலித்தீன் பையும் வழியெங்கும் கிடக்கின்றன. பொலித்தீனைத் தின்ற மான், முருகன் மணந்த வள்ளி வளர்ந்த காட்டின் மான் என்பதை அவன் எண்ணுவதில்லை. காட்டைக் காப்பவர் ஒருநாள் இவ்வழியை முற்றாக அடைத்தால், அவரை நோவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?

கதிர்காமத்துக்குப் பேருந்து உண்டே, நடப்பது ஏன் என மாணவர் வினவுவர். கந்தன் எங்கும் உளன். அவனைக் காண நடக்க வேண்டுவதில்லை. நம்மைக் காணவே நடக்க வேண்டும். எத்துணை குறைந்த பொருளோடு வாழலாம், எத்துணை அயலாரை நம்பி வாழ்கின்றோம் என்பதைப் பாலை கற்பிக்கும், பேருந்து கற்பியாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அகப்பொருள் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுவதோடு அமையாதீர்கள். ஆடிமாதத்தில் மாணவர் சிலரை உரிய அனுமதியோடும் வழியறிந்த முதியோர் துணையோடும் இவ்வழியில் அழைத்துச் செல்லுங்கள். கொண்டுபோன பையனைத்தையும் அவர்கள் கையாலேயே திருப்பிக் கொணரச் செய்யுங்கள். பின் வருவோர்க்கும் வாயில்லாச் சீவன்களுக்கும் ஊற்றைத் திறந்துவைக்கப் பழகிய மாணவன் பாலைத்திணையைத் தேர்வுக்கென மனனஞ் செய்ய வேண்டியதில்லை.