மனக்கவலை மூட்டு வலியைக் கூட்டுமா?

மாணவர்களே, தேர்வு நெருங்கினால் நெஞ்சு படபடக்கிறதா? அப்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோலைச் சுரக்கின்றன. இது அழற்சியைத் தணிக்கும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச், இதைப் போன்ற கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தினார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்ச் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் கவலை மூட்டுக்கு நல்லதா? இல்லை. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குகின்றன. கவலை மாதக்கணக்கில் நீடித்தால், அவை கார்டிசோலுக்குச் சரிவரக் கட்டுப்படாமல் போகலாம். வீக்கமும் வலியும் கூடலாம். ஆனால் நோய் வருவதில் மரபணுவுக்கும் புகைபிடித்தலுக்கும் பங்குண்டு. கவலை மட்டுமே காரணமன்று.

மேருவில் உங்கள் வீட்டுப் பாட்டிக்குக் காலையில் விரல்கள் விறைத்துக்கொண்டால், "எல்லாம் மனசுதான் பாட்டி" என்று சொல்லிவிடாதீர்கள். கிளினிக்குக்குத் துணையாகச் செல்லுங்கள். மருந்தும் வேண்டும், மன அமைதியும் வேண்டும்.