மதில் சூழ்ந்த ஊர்களினூடே ஒரு நிதானப் பயணம்

ஐரோப்பாச் சுற்றுலா என்றதும் நம் குடும்பங்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘பத்து நாளில் ஏழு நாடு’ என்கிற பட்டியல்தான். காலையில் ஒரு நகரம், மாலையில் மற்றொன்று, இடையே பேருந்தில் உறக்கம். ஊர் திரும்பிப் படங்களைப் புரட்டினால், எது எந்த ஊர் என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் வழக்கு!

இன்று நம் பிள்ளைகள் பலர் படிக்கவும் பணியாற்றவும் ஜெர்மனிக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் மேற்கொள்ளத்தக்க வேறொரு பயணம் உண்டு. ஒரே சாலை, ஐந்தாறு பழைய ஊர்கள், ஒரு வாரம். அதுதான் ‘ரொமாண்டிக் சாலை’.

தென் ஜெர்மனியில், வூர்ஸ்பூர்க் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஃபூஸன் வரை செல்வது இந்த வழி. பெயரைக் கேட்டு மன்னர் காலத்துச் சாலை என்று எண்ண வேண்டாம். 1950-ல்தான் இதற்கு இப்பெயரிட்டார்கள். போரில் தோற்று, உலகின் வெறுப்புக்கும் ஆளாகியிருந்த ஜெர்மனி, வெளிநாட்டாரை மீண்டும் அழைப்பதற்காகப் பழைய ஊர்களை ஒரு நூலில் கோத்து வைத்தது. ஏ7 என்னும் விரைவுச் சாலையில் சென்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் வழியில் ஒன்றையும் பார்க்க முடியாது.

இவ்வழியில் செல்வோர் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்த ஊர் எப்படிப் பழையதாகவே நிலைத்தது? விடை ஊருக்கு ஊர் வேறுபடும்.

வூர்ஸ்பூர்க்

1945 மார்ச் 16 இரவு, இருபது நிமிடங்களுக்குள் விழுந்த குண்டுகளில் இந்நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 5000 பேர் மாண்டனர். இன்று நாம் காணும் பழைய நகரில் பெரும்பங்கு மீண்டும் கட்டியதே. ஆயினும் 1720-ல் தொடங்கப்பட்ட ஆயர் மாளிகையில், பால்தசார் நாய்மன் அமைத்த மாடிப்படி மண்டபத்தின் வளைகூரை மட்டும் விழவில்லை. இத்தாலிய ஓவியர் தியேப்போலோ 1752, 1753 ஆண்டுகளில் தீட்டிய மாபெரும் விதான ஓவியமும் அதனால் தப்பியது.

ரோத்தன்பூர்க்

வண்ண வண்ண வீடுகள், மதில், கோபுர வாயில் என்று நாட்காட்டிகளில் நாம் பார்த்த ஊர் இதுதான். 1631-ல் முப்பதாண்டுப் போரில் பகைவர் கையில் சிக்கியது. பின்பு கொள்ளைநோயும் வந்தது. அதன்பின் ஊருக்கு ஏழ்மை. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் காசில்லை. அந்த ஏழ்மையே இன்று செல்வமாகிவிட்டது.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. ஹிட்லர் ஆட்சி இவ்வூரை முன்மாதிரி ஜெர்மானிய நகரமென்று கொண்டாடியது. இங்கு எஞ்சியிருந்த யூதர்கள் 1938 அக்டோபரில் விரட்டப்பட்டனர். 1945 மார்ச் 31-ல் குண்டு வீச்சில் ஊரின் சுமார் 40 விழுக்காடு அழிந்தது. மதிலைத் திரும்பக் கட்ட உலகெங்குமிருந்து மக்கள் பணம் அனுப்பினர். கொடுத்தவர் பெயர்களை மதிற்சுவரில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால், ‘உபயம்’. மதில் மேல் நடக்கும்போது இப்பெயர்களைப் படிக்கத் தவறாதீர்கள்.

டிங்கல்ஸ்பூல், நார்ட்லிங்கன்

அடுத்துள்ள டிங்கல்ஸ்பூலில் போரின் சேதம் மிகக் குறைவு, கூட்டமும் குறைவு. 1632-ல் சுவீடன் படையிடம் ஊர்க்குழந்தைகள் சென்று மன்றாடி நகரைக் காத்தனர் என்பது ஊர் வழக்கு. ஜூலை மாதந்தோறும் இதனை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

முப்பது கிலோமீட்டர் தொலைவில் நார்ட்லிங்கன். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 24 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்குள் இவ்வூர் அமைந்துள்ளது. எரிமலைப் பள்ளம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1960-ல் ஷூமேக்கர், சாவ் என்னும் அறிஞர்கள், பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கனிமத்தை இங்கு கண்டு உண்மையை நிறுவினர். அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970-ல் இங்கு வந்து பாறைகளைக் கற்றுச் சென்றனர். ஊர்த் தேவாலயம் அந்த மோதலில் பிறந்த கல்லால் கட்டப்பட்டது. ஊரைச் சுற்றியுள்ள மதிலின் மேல் ஒரு சுற்று முழுவதும் நடந்தே வரலாம்.

ஆக்ஸ்பர்க்

இங்கு காண வேண்டியது ஃபுக்கராய் குடியிருப்பு. 1521-ல் செல்வந்தர் யாக்கோப் ஃபுக்கர் ஏழைகளுக்காக நிறுவியது. போரில் சிதைந்து மீண்டும் எழுந்த இவ்வீடுகளுக்கு, வெப்பமூட்டும் செலவு நீங்கலாக, ஆண்டு வாடகை இன்றும் 88 சென்ட்தான். ஒரு யூரோ கூட இல்லை. குடியிருப்போர் நிறுவனருக்காக நாள்தோறும் மூன்று பிரார்த்தனைகள் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வாயில் மூடிவிடும். தாமதமாக வருவோர் சிறு கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் இடம் என்பதால் மெல்லப் பேசி நடப்பது முறை. 1505-ல் இந்தியாவுக்கு வந்த போர்த்துகீசியக் கப்பல்களில் இந்த ஃபுக்கர் குடும்பமும் பணம் போட்டிருந்தது. அவர்கள் நாடியது நம் மலபார்க் கரை மிளகை!

பயணத்தின் முடிவில் ஃபூஸன் அருகே, மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-ல் கட்டத் தொடங்கிய நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. மன்னர் 1886 ஜூனில் மறைந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. உச்சி மாதங்களில் நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்தல் அவசியம்.

சில நடைமுறைக் குறிப்புகள்

இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். புறப்படுமுன் இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். அங்கு வண்டி வலப்புறம் செல்லும். அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. 12 வயதுக்கும் 150 செ.மீ. உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே ஊருக்குள் செல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்; பாலும் ரொட்டியும் சனியன்றே வாங்கி வையுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ‘ஷ்பெட்ஸ்லே’ பண்டத்தைச் சைவம் என்பார்கள். அதில் முட்டை உண்டு. சமையலறையுடன் கூடிய விடுதி கிடைத்தால் ஒரு குக்கரும் அரிசியும் போதும், பெரியவர்களுக்குக் கவலையில்லை.

ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு மேல் வேண்டாம். பகல் பேருந்துகள் மாலையில் கிளம்பிப் போனபின் ஊர் அமைதியாகும். மதிலோரம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, எது பழைய கல், எது பிறகு வைத்த கல் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் அவர்கள் படித்த வரலாறு அன்று கைக்கு எட்டும்.