எக்ஸ்போர்ட் பார் ஏன் நகர மாட்டேங்குது?

ப்ராஜெக்ட் டெமோ வீடியோ எக்ஸ்போர்ட் ஆக ஒரு மணி நேரம் இழுத்தா, பாதிப் பேர் சொல்ற தீர்வு ஒண்ணுதான்: "புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குடா." வீட்டுல காசு கேக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

1080பி வீடியோவின் ஒரு ஃப்ரேமில் 20,73,600 பிக்சல்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், 10 நிமிஷ வீடியோவில் 18,000 ஃப்ரேம்கள். ஒவ்வொன்றுக்கும் மூணு வேலை நடக்குது. சுருக்கி வெச்ச ஃபைலை விரிக்கிறது டிகோட். அடுத்து கலர், டைட்டில், எஃபெக்ட். கடைசியா மறுபடி சுருக்கறது என்கோட்.

நம்ம சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் மாட்டினவங்களுக்கு அடுத்த விஷயம் சுலபமா புரியும். ஒரகடம் ரோடு எவ்வளவு அகலமா இருந்தாலும், கேட் மூடினப்போ வண்டி நின்னுச்சு. இங்கேயும் அதேதான். டிகோட் நொடிக்கு 60 ஃப்ரேம், எஃபெக்ட் 10, என்கோட் 20 என்று மூணும் ஒரே நேரத்தில் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். வெளியே வர்றது நொடிக்கு 10தான். மொத்தம் 30 நிமிஷம். என்கோடை 100 ஆக்கினாலும் அதே 30 நிமிஷம். எஃபெக்டை 20 ஆக்கினா 15 நிமிஷம். அதனால முதல்ல கேட் எங்கேன்னு கண்டுபிடிக்கணும்.

எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்க.

சிபியு 100 சதவீதத்தில் நின்னா, பெரும்பாலும் என்கோட் வேலையையும் அதுவே சுமக்குது. இன்டெல் 2011-லிருந்து குயிக் சிங்க், என்விடியா 2012-லிருந்து என்வென்க் என்று இதுக்குன்னே தனி சர்க்யூட் தர்றாங்க. உங்க எடிட்டர் அனுமதிச்சா, எக்ஸ்போர்ட் செட்டிங்ஸில் ஹார்டுவேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்க. தரம் கொஞ்சம் குறைஞ்சா பிட்ரேட்டை ஏத்துங்க. ஃபைல் சைஸும் கூடும்.

டிஸ்க் 100-ல் நின்னா, ஃபுட்டேஜை பென்டிரைவிலிருந்தோ பழைய ஹார்டு டிஸ்கிலிருந்தோ எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. ரேம் நிரம்பியிருந்தா பிரவுசரை மூடுங்க.

நாய்ஸ் ரிடக்‌ஷன், ஸ்டெபிலைசேஷன் ரெண்டும் ரொம்பக் கனமான எஃபெக்டுகள். தேவையான கிளிப்புக்கு மட்டும் போடுங்க. காலேஜ் புரொஜெக்டர் 1080பி என்றால் 4கே-யில் எக்ஸ்போர்ட் வேண்டாம். பிக்சல் கணக்கு நாலு மடங்கு.

ப்ராக்ஸி பத்தி ஒரு குழப்பம் உண்டு. அது டைம்லைனில் எடிட் பண்றதை லேசாக்கும். எக்ஸ்போர்ட் வழக்கமா ஒரிஜினல் ஃபைலிலிருந்துதான் போகும், அதனால அந்த நேரம் குறையாது. வெறும் முன்னும் பின்னும் வெட்டணும்னா எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் மாதிரி இலவச மென்பொருள் மறுபடி என்கோட் பண்ணாமலே நொடிகளில் வெட்டிடும். வெட்டு மட்டும் பக்கத்து கீஃப்ரேமுக்குத் தள்ளிப் போகலாம்.

மே மாச வெயிலையும் மறக்காதீங்க. சூடு ஏறினா லேப்டாப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மெத்தை மேல வைக்காம மேஜை மேல வைங்க, ஃபேன் தூசியைத் தட்டுங்க, சார்ஜரைச் சொருகியே ஓட்டுங்க.

எதை மாத்தினாலும் ஒவ்வொண்ணா மாத்துங்க. எஃபெக்ட் அதிகமா இருக்கற 30 நொடிப் பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி, முன்னும் பின்னும் நேரம் குறிச்சுக்கங்க. இவ்வளவும் செஞ்ச பிறகும் கிராஃபிக்ஸ் கார்டுதான் கேட்டுன்னு தெரிஞ்சா, அப்புறம் அப்பாகிட்ட பேசலாம். கையில கணக்கும் இருக்கும்.