பழைய கைக்குவிய வில்லைகளை எண்ணிமக் கேமராக்களில் பொருத்துதல்

படச்சுருள் காலத்தில் செய்யப்பட்ட, கையால் வளையத்தைத் திருப்பிக் குவியப்படுத்தும் வில்லைகளை (லென்சு) இன்றைய எண்ணிமக் கேமராக்களில் இணைப்பு வளையத்தின் (அடாப்டர்) துணையுடன் பயன்படுத்தலாம். பெரும்பாலான இணைப்பு வளையங்களில் கண்ணாடி எதுவும் இருப்பதில்லை. வில்லையைக் கேமராவுடன் இணைப்பதும், அதனை உணரியிலிருந்து உரிய தொலைவில் நிறுத்துவதுமே அவற்றின் பணியாகும்.

விளிம்புத் தொலைவு

வில்லை பொருந்தும் உலோக விளிம்புக்கும், படச்சுருள் அல்லது உணரியின் தளத்துக்கும் இடையிலான மாறாத தொலைவு விளிம்புத் தொலைவு எனப்படும். ஒவ்வொரு வில்லையும் குறிப்பிட்ட ஒரு விளிம்புத் தொலைவுக்கென வடிவமைக்கப்படுகிறது. வில்லை அதைவிடத் தள்ளி நின்றால் அருகிலுள்ள பொருட்கள் மட்டுமே தெளிவாகப் பதியும். மலை, நிலா போன்றவை மங்கலாகிவிடும். ஆகவே, கேமராவின் விளிம்புத் தொலைவு வில்லைக்கு உரியதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே எஞ்சும் இடைவெளியை வளையத்தால் நிரப்ப இயலும்.

சில பொருத்து முறைகளின் விளிம்புத் தொலைவுகள்:

* நிக்கான் எஃப் - 46.5 மி.மீ.
* எம்42 திருகு - 45.46 மி.மீ.
* கேனான் ஈஎஃப் - 44 மி.மீ.
* கேனான் எஃப்டி - 42 மி.மீ.
* சோனி ஈ - 18 மி.மீ.
* நிக்கான் இசட் - 16 மி.மீ.

எம்42 வில்லையை மெல்லிய வளையம் ஒன்றின் மூலம் கேனான் ஈஎஃப் கேமராவில் முழுமையாகப் பயன்படுத்தலாம். நிக்கான் எஃப் கேமராவில் அது தொலைப் பொருட்களைக் குவியப்படுத்தாது.

கேனான் எஃப்டி வில்லைகள்

எஃப்டி முறை 1971 இல் அறிமுகமானது. 1987 இல் கேனான் நிறுவனம் தானியங்கிக் குவியம் கொண்ட ஈஎஃப் முறைக்கு மாறியது. 2 மி.மீ. வேறுபாட்டால் எஃப்டி வில்லைகளைப் புதிய கேமராக்களில் வெறும் வளையத்தால் முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. திருத்தக் கண்ணாடி கொண்ட இணைப்புகள் படத்தின் தெளிவைக் குறைத்தன.

2008 இல் பானசோனிக் ஜி1 கேமராவுடன் ஆடியற்ற கேமராக்கள் பரவத் தொடங்கின. பார்வைக்கு ஒளியைத் திருப்பும் ஆடி நீக்கப்பட்டதால் அவற்றின் விளிம்புத் தொலைவு பெரிதும் குறைந்தது. சோனி ஈ கேமராவில் 24 மி.மீ. நீள வளையம் ஒன்றே எஃப்டி வில்லைக்குப் போதுமானது. 2013 இல் வெளிவந்த சோனி ஏ7, 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்தை ஒத்த அளவுள்ள உணரியைக் கொண்டிருந்ததால், அவ்வில்லைகளின் முழுப் பார்வைக் கோணமும் மீண்டும் கிட்டியது. சிறிய உணரிகளில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. சட்ட அளவு 1.5 மடங்கு சிறிதாயின், 50 மி.மீ. வில்லை 75 மி.மீ. வில்லையின் பார்வைக் கோணத்தையே தரும்.

பயன்படுத்தும் முறை

வில்லைக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு இல்லாததால், "வில்லையின்றிப் படமெடுத்தல்" என்னும் அமைப்பைப் பல கேமராக்களில் இயக்கிவைக்க வேண்டும். ஒளித்துளையை வில்லையிலுள்ள வளையத்தால் மாற்ற வேண்டும். திரையில் காட்சியைப் பெரிதாக்கியோ, தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியைக் கொண்டோ குவியத்தைச் சரிபார்க்கலாம். கேமரா உடலில் அதிர்வுத் தடுப்பு இருப்பின், வில்லையின் குவியத் தொலைவைக் கையால் உள்ளிட வேண்டும்.

குறைபாடுகள்

பழைய வில்லைகளில் பூஞ்சை படிதல், ஒளித்துளை இதழ்களில் எண்ணெய் கசிதல் ஆகியவை பரவலாகக் காணப்படும். எதிரொளியைத் தடுக்கும் பூச்சு குறைவாக இருப்பின், ஒளிமூலத்தை நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறக்கூடும். ஆடியுள்ள கேமராக்களில், பின்புறம் நீண்ட வில்லைகள் ஆடியின் மீது மோதிச் சேதம் விளைவிக்கலாம்.